இருபது பிள்ளைகளில் பதினாறு பேர்

"அண்ணை, எங்கட சின்னவளுக்கு ஓட்டமே வராது. பிறகேன் ரீச்சர் பேர் குடுக்கச் சொல்லி நிக்கிறா?"

முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுனர் போட்டிக்குப் பெயர் எடுக்கத் தொடங்கினால், கொழும்புத்துறையில் இந்தக் கேள்வி எப்படியும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையோடு வந்துவிடும். பிள்ளையில் அக்கறை இல்லாதவர்கள் கேட்கிற கேள்வி அல்ல இது. அக்கறை கூடிப்போனவர்கள்தான் கேட்கிறார்கள். பிள்ளை வெயிலில் காயக்கூடாது, ஊர் பார்க்கக் கடைசியாக வந்து முகம் சுருங்கி நிற்கக்கூடாது, அந்த நேரத்துக்கு நாலு கணக்குச் செய்தாலும் பிரயோசனம் என்பது அவர்கள் எண்ணம். "விளையாட்டு உடம்புக்கு நல்லது பிள்ளை" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். அது உண்மைதான், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஓட்டம் வராத பிள்ளைக்கு அந்த மைதானத்தில் என்ன இடம் என்றுதான் அந்தத் தாய் கேட்கிறார்.

இடம் இருக்கவேண்டும். இல்லையென்றால் பிள்ளையில் பிழை தேடக்கூடாது, போட்டியை வகுத்த முறையில் தேடவேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவும்தான். ஆனால் இதை ஆறுதலாக, படிப்படியாகச் சொன்னால்தான் விளங்கும்.

விளையாட்டில் ஆர்வம் இல்லாத ஊர் இல்லை இது. பின்னேரம் கரையோரமாகப் பாசையூர், குருநகர் என்று நடந்து பாருங்கள். உதைபந்து உருளாத வெறுங்காணி குறைவு. பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ் கழகங்கள் என்றால் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சென். ஜோன்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமர் என்கிற கிரிக்கெற் ஆட்டம் 1904 இல் தொடங்கியது. அந்த ஆட்டம் நடக்கிற நாட்களில் வெளிநாட்டில் இருந்து ரிக்கற் போட்டு வந்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்கிற ஆர்வத்துக்கு நம்மிடம் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. பார்க்கிறவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் ஒருநாளாவது மைதானத்துக்குள் இறக்கப்பட்டார்கள் என்று கேட்டால்தான் சங்கடம்.

இனி இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வருவோம். இல்லம் என்கிற ஏற்பாடு ஆங்கிலேயருடைய விடுதிப் பாடசாலைகளில் பிறந்தது. மாணவர்கள் தங்கியிருந்த கட்டடங்களே அங்கே இல்லங்கள். மிஷன் பாடசாலைகள் வழியாக அது இங்கே வந்து, விடுதியே இல்லாத சின்னப் பள்ளிக்கூடங்கள் வரைக்கும் பரவியது. அதில் ஒரு நல்ல விதை இருக்கிறது. பாடசாலையில் சேர்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஓர் இல்லத்துக்கு உரியது, திறமை பார்த்துச் சேர்ப்பதில்லை. வலயப் போட்டி, மாகாணப் போட்டி, அகில இலங்கைப் போட்டி எல்லாம் வடிகட்டுவதற்கென்றே இருப்பவை. அங்கே சிறந்தவர் மட்டும் போகட்டும், அது நியாயம். இல்லப் போட்டி அப்படியல்ல. அதற்குரிய விதியைக் கொழும்பில் யாரும் எழுதி அனுப்புவதில்லை. எத்தனை பேர் இறங்கலாம், எதற்கு எத்தனை புள்ளி என்பதைப் பாடசாலையே ஆசிரியர் கூட்டத்தில் இருந்து தீர்மானிக்கிறது. மாற்ற நினைத்தால் ஒரு பின்னேரத்தில் மாற்றலாம்.

போட்டி நாளை மனதில் கொண்டுவாருங்கள். தென்னோலையும் வர்ணத் தாளும் கட்டி அலங்கரித்த இல்லக் கொட்டில்கள். பாண்ட் வாத்தியத்தோடு அணிநடை. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் உடற்பயிற்சிக் கண்காட்சி. பிரதம விருந்தினர், ஒலிபெருக்கி, நடுவில் பழைய மாணவர் ஓட்டம், பெற்றோர் ஓட்டம். அணிநடைக்குக் கிழமைக்கணக்காகப் பழகிய பிள்ளைகளும், இரவிரவாகக் கொட்டில் கட்டிய பிள்ளைகளும் அன்றைக்குப் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஓட்டம், பாய்ச்சல், எறிதல் என்று வரும்போது ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். அதே நாலைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

அது ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளைகளை எடுப்போம். ஓர் இல்லத்தில் அந்த வயதில் 20 பேர் என்று வையுங்கள். 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், உயரம் பாய்தல், குண்டு போடுதல் என்று ஐந்து நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு இல்லத்தில் இருந்து இரண்டு பேர். மொத்தம் பத்து இடம். ஒருவர் மூன்று நிகழ்ச்சி வரை செய்யலாம் என்று விதி. இல்லத் தலைவி என்ன செய்வாள்? நன்றாக ஓடிப் பாய்கிற மூன்று பேரை ஆளுக்கு மூன்று நிகழ்ச்சியில் போடுவாள். ஒன்பது இடம் நிரம்பிவிட்டது. மிஞ்சிய ஓர் இடத்துக்குக் குண்டு தூக்கக்கூடிய பலமான பிள்ளை ஒன்று. அஞ்சலோட்டத்துக்கும் அதே நாலு பேர். 20 பேரில் 16 பேர் கொட்டிலுக்குள் இருந்து கத்துகிறார்கள்.

அந்த இல்லத் தலைவியை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். முதலாம் இடத்துக்கு 5, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாம் இடத்துக்கு 1 என்று புள்ளி இருந்தால், கெட்டிக்காரி ஒருத்தி செய்யவேண்டியதைத்தான் அவள் செய்தாள். நாலாவதாக வரக்கூடிய பிள்ளைக்கும் நாற்பதாவதாக வரக்கூடிய பிள்ளைக்கும் அந்தப் புள்ளித்தாளில் ஒரே பெறுமதி. பூச்சியம். பெறுமதி பூச்சியம் என்று தாளில் எழுதிவைத்துவிட்டு, "எல்லாரும் பங்குபற்றுங்கோ பிள்ளையள்" என்று காலைப் பிரார்த்தனையில் சொன்னால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

இப்போது அதே தாளில் ஒரு விதியை மட்டும் கூட்டுவோம். நீளம் பாய்தலில் இரண்டரை மீற்றர் தாண்டுகிற எந்தப் பிள்ளைக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி. பந்தயம் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை, இரண்டரை மீற்றரில் கயிறு போட்டிருக்கும், அவ்வளவுதான். இப்படி மட்டம் வைத்துப் புள்ளி கொடுப்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இல்லங்களை நமக்குத் தந்த அதே ஆங்கிலேயப் பாடசாலைகளில் நெடுங்காலம் இருந்த வழக்கம். 20 பேரில் 14 பேர் தாண்டினால் 14 புள்ளி. முதலாம் இடத்துக்குக் கிடைக்கிற ஐந்தைவிட அது எவ்வளவு கூட! அடுத்த நாளே அந்த இல்லத் தலைவி என்ன செய்வாள் என்று நினைக்கிறீர்கள்? மிச்சம் ஆறு பேரையும் தேடிப் போவாள். "நீ எங்க காலை வைக்கிறாய், காட்டு பாப்பம்" என்பாள். நட்சத்திரத்துக்கு அவள் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை. இரண்டு மீற்றர் இருபதில் நிற்கிற பிள்ளைக்குத்தான் சொல்லிக் கொடுக்க நிறைய இருக்கிறது.

மட்டத்தை எங்கே வைப்பது என்பதில் ஆசிரியருக்குக் கண் வேண்டும். முதல் நாளே எல்லாரும் தாண்டினால் பழக ஒன்றும் இல்லை. அரைவாசிப் பேர் முதல் நாளில் தாண்டி, மூன்று கிழமை பழகினால் பெரும்பாலானோர் தாண்டக்கூடிய இடத்தில் வைப்பது நல்லது என்பது என் எண்ணம். அதற்கும் எட்டாத பிள்ளைக்கு, போன மாதம் தான் பாய்ந்த தூரத்தைவிடக் கூடப் பாய்ந்தால் ஒரு புள்ளி என்று வைக்கலாம். ஒரு கொப்பியும் அளவு நாடாவும் இருந்தால் போதும்.

சின்ன வகுப்புகளுக்கு இதைவிட அழகான ஒன்று உண்டு. உலக மெய்வல்லுனர் சம்மேளனம் சிறுவர்களுக்கென்று வகுத்த போட்டி முறையில் தவளைப் பாய்ச்சல் என்று ஒரு நிகழ்ச்சி. முதல் பிள்ளை கோட்டில் குந்தி, இரண்டு காலையும் சேர்த்து ஒரு பாய்ச்சல் பாயும். குதி பட்ட இடத்தில் ஒரு கோடு கீறுவார்கள். அடுத்த பிள்ளை அந்தக் கோட்டில் இருந்துதான் பாயவேண்டும். அதற்கடுத்தது அங்கேயிருந்து. இப்படி அணியில் எல்லாரும் பாய்ந்து முடிந்த பிறகு, கடைசிக் கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் அணியின் தூரம். பார்த்தால் சிறுபிள்ளை விளையாட்டு. அதற்குள் இருக்கிற யோசனையைக் கவனியுங்கள். மெலிந்த பிள்ளை முக்கால் மீற்றர் பாய்ந்தாலும் அந்த முக்கால் மீற்றர் அணிக்குச் சேர்கிறது. யார் குறையப் பாய்ந்தது என்று கடைசிக் கோட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை பாயாவிட்டால் முக்கால் மீற்றர் குறையும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆணும் பெண்ணும் கலந்த அணிகள் என்பதால் "பெட்டையள் ஒரு பக்கம்" என்ற பேச்சும் அங்கே எழாது.

உண்மையில் இந்த யோசனையை வெளியில் இருந்து கொண்டுவரத் தேவையில்லை. கிளித்தட்டு விளையாடி வளர்ந்த ஊர் இது. தாச்சி என்றும் சொல்வோம். தட்டுக்கு ஓர் ஆள். மறிக்கிற பக்கத்தில் ஒருவர் குறைந்தால் ஒரு கோடு திறந்து கிடக்கும், எதிர்ப்பக்கம் முழுவதும் அதற்குள்ளால் போய்விடும். ஆகவே ஓடத் தெரியாதவனையும் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒரு கோட்டில் நிறுத்துவார்கள். அவன்மேல் இரக்கப்பட்டு அல்ல, அவன் இல்லாமல் விளையாட்டுத் தொடங்காது. ஒரு பிள்ளையை மைதானத்துக்குக் கொண்டுவருகிற சக்தி, "நீ வராட்டி இந்த இடம் வெறுமையாக் கிடக்கும்" என்கிற அந்தத் தேவைக்குத்தான் இருக்கிறது.

இரக்கத்தைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் எல்லாரும் முடித்தபின் ஒரு பிள்ளை மட்டும் தனியாக ஓடிவரும்போது மைதானம் முழுதும் கை தட்டுமே, நல்ல மனதோடுதான் தட்டுகிறார்கள். ஆனால் வென்றவருக்குத் தட்டுகிற கைக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போனது அந்தக் கைதட்டலுக்குப் பிறகுதான். எல்லாரையும் பங்குபற்றச் செய்வதென்றால் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்திக் கடைசி ஆளைக் காட்டிக்கொடுப்பது என்று பொருள் கொள்ளக்கூடாது. ஏறக்குறைய ஒரே வேகமுள்ளவர்களைச் சேர்த்து ஓட விட்டால், ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலாவதாக வருவதற்கு யாருக்கும் வாய்ப்பு இருக்கும். அதற்குப் பணச் செலவு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போகும்.

"சரி, எல்லாரையும் ஓட விட்டால் பிறகு சம்பியன் எங்கேயிருந்து வரும்?" இதுவும் தேத்தண்ணியோடு வருகிற கேள்விதான்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 2024 இல் அவர் காலமானபோது அவருடைய பெயரை எல்லாரும் ஒருமுறை நினைத்துக்கொண்டோம். அப்படி ஒருவரைப் பன்னிரண்டு வயதில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும் என்று நம்புவதில்தான் சிக்கல் இருக்கிறது. நமது பாடசாலைப் போட்டிகளில் வயதுப் பிரிவு 12, 14, 16 என்று இரண்டிரண்டு வருடமாகப் போகிறது. எந்தத் திகதியை வைத்துப் பிரித்தாலும், ஒரே பிரிவுக்குள் கிட்டத்தட்ட இரண்டு வயது மூத்த பிள்ளையும் இளைய பிள்ளையும் ஒன்றாக ஓடவேண்டி வருகிறது. அதற்கு மேல் வளர்ச்சி வேறு. பெண்பிள்ளைகள் பொதுவாகப் பன்னிரண்டு வயதளவிலும் ஆண்பிள்ளைகள் பதினாலு வயதளவிலும் கிடுகிடு என்று உயருவார்கள். ஆனால் ஒருவருக்கு முந்தும், ஒருவருக்குப் பிந்தும். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பதின்மூன்று வயதுப் பெடியன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவனுக்குக் குரலே உடைந்திருக்காது. அன்றைக்கு முந்தி வளர்ந்தவன் வெல்வான். பிந்தி வளரப் போகிறவன் "எனக்கு விளையாட்டு வராது" என்று முடிவு கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அவன் வளர்ந்து நெடுத்து நிற்கிறபோது மைதானத்தில் அவனுடைய பெயரே இருக்காது. கனடாவில் ஐஸ் ஹொக்கி அணிகளின் பிறந்த மாதங்களைக் கணக்கெடுத்த றொஜர் பார்ன்ஸ்லி 1985 இல் இதைத்தான் காட்டினார். வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அணிகளில் நிறைந்து கிடந்தார்கள். அந்த மாதங்களில் பிறந்தவர்களுக்கு ஹொக்கி கூட வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிரிவுக்குள் மூத்தவர்கள் என்பதால் முதலில் தெரிவானார்கள், தெரிவானதால் கூடப் பழகினார்கள்.

நோர்வேயில் நம்முடைய ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே சிறுவர் விளையாட்டுக்குத் தேசிய மட்டத்தில் விதி உண்டு. பதினொரு வயதுக்கு முன் வெற்றிப் பட்டியல், தரவரிசை வெளியிடக்கூடாது. பதின்மூன்று வயதுக்கு முன் தேசியச் சம்பியன்ஷிப் கிடையாது. அதுவரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் விளையாடட்டும், பல விளையாட்டையும் விளையாடட்டும் என்பது நோக்கம். ஐம்பத்தைந்து இலட்சம் சனம் உள்ள அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம் எடுத்து எல்லா நாடுகளுக்கும் மேலே நின்றது. பனி அவர்களுடைய ஊர்ச் சாமான், பணமும் உண்டு, ஆகவே முழுக் காரணமும் இந்த விதிதான் என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில் வடிகட்டாததால் சம்பியன் வராமல் போகவில்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது நம்முடைய ஊர்ப் பாடசாலைகளைப் பற்றி. கொழும்புத்துறையிலும் சரி, சுற்றியுள்ள ஊர்களிலும் சரி, வசதி கொஞ்சம் வந்தால் பிள்ளையைப் பட்டினத்துப் பெரிய பாடசாலையில் சேர்க்கத்தான் பெற்றோர் ஓடுகிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள், "அங்க ஆள் காணாது" என்று மற்றவர்களும் போகிறார்கள். இந்த விஷயத்தில் பழைய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. றொஜர் பார்க்கர், போல் கம்ப் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கன்சாஸ் மாநிலத்தில் சில டசின் பிள்ளைகளே உள்ள பாடசாலை தொடங்கி இரண்டாயிரத்துக்கு மேல் உள்ள பாடசாலை வரை ஒப்பிட்டு 1964 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பெரிய பாடசாலையில் அணிகளும் கழகங்களும் கூடத்தான். ஆனால் ஒரு பிள்ளை எத்தனையில் உண்மையாக இறங்குகிறது என்று பார்த்தால் சின்னப் பாடசாலைப் பிள்ளைகள் முன்னுக்கு நின்றார்கள். படிப்பில் பின்தங்கிய, வீட்டு நிலைமை சரியில்லாத பிள்ளைகள்கூடச் சின்னப் பாடசாலையில் "நான் இல்லாவிட்டால் சரிவராது" என்று உணர்ந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெரிய பாடசாலையில் கூப்பிட ஆள் இல்லை. கிளித்தட்டுக் கணக்கேதான். வலைப்பந்தாட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும், கரப்பந்தாட்டத்துக்கு ஆறு பேர், உதைபந்தாட்டத்துக்குப் பதினொரு பேர். ஒரு வயதில் பதினைந்து பெடியன்கள் மட்டும் இருக்கிற பாடசாலையில் பந்து எல்லாருடைய காலுக்கும் வந்தே தீரும். ஆள் குறைவு என்று அதிபர்கள் கவலைப்படுகிற அந்த எண்ணிக்கை, இந்த ஒரு விஷயத்தில் பட்டினத்துக் கல்லூரிகளுக்குக் கிடைக்காத கொடை. ஊர்ப் பாடசாலைகள் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லவேண்டும். சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு ஆதங்கம்.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் தரவை வைத்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் 81 வீதத்தினர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்று கண்டார்கள். ஆண்களில் 78 வீதம், பெண்களில் 85 வீதம். போதிய அளவு என்றால் நாளுக்குச் சராசரி 60 நிமிடம், மூச்சு வாங்குகிற மாதிரி. நம்முடைய வீடுகளில் பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனதும் விளையாட்டு நின்றுவிடுவது பலருக்கும் தெரிந்த கதை. எலும்பு மிக வேகமாகப் பலம் சேர்க்கிற வயது அதுதான். ஓடிப் பாய்ந்து நிலத்தில் கால் அடிபட அடிபட எலும்புக்குள் சுண்ணாம்பு இறுகும். அந்தச் சில வருடங்களில் சேர்க்காததை நாற்பது வயதில் மாத்திரை விழுங்கிச் சேர்ப்பது கடினம்.

பிள்ளை நிற்பதற்குக் காரணம் கேட்டால் "விருப்பமில்லை" என்பாள். பக்குவமாகக் கதைத்தால் வேறு காரணங்கள் வரும். காற்சட்டை குட்டை, ரீசேர்ட் மெல்லிசு, மதிலுக்கு வெளியே நின்று பெடியன்கள் பார்க்கிறார்கள், மைதானத்துக்குப் பக்கத்தில் உடுப்பு மாற்ற அறை இல்லை, மாதவிடாய் நாளில் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இவற்றில் ஒன்றைத் தீர்க்கவும் பேச்சாளரைக் கூப்பிடத் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழ் வருகிற காற்சட்டைக்கு அனுமதி, தாழ்ப்பாள் போடக்கூடிய அறை, அந்த நாளில் ஒன்றும் கேட்காமல் இருத்திவிடுகிற ரீச்சர், இவை போதும். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தவர். 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் தர்ஜினி சிவலிங்கம் நின்று பந்து போட்டதை நாம் தொலைக்காட்சியில் பார்த்துப் பெருமைப்பட்டோம். பெருமைப்படுகிற நாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கதவுக்குத் தாழ்ப்பாளாவது போட்டுக் கொடுக்கவேண்டாமா?

வலைப்பந்தாட்டம் என்றதும் அதன் சட்டத்தையும் பாருங்கள். மைதானம் மூன்று பங்கு. யார் எந்தப் பங்குக்குள் போகலாம் என்று உடுப்பில் எழுத்தே இருக்கிறது. பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரு முழுப் பங்கைத் தாண்டி எறியவும் முடியாது, இடையில் ஒருவர் தொடவேண்டும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் பந்தை மற்றவளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். புதிதாகத் தொடங்குகிற பாடசாலைக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

"ஆஸ்துமா இருக்கு, டொக்டர் துண்டு தந்திருக்கிறார்" என்று சொல்லி ஒதுக்கப்படுகிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். துண்டைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஆனால் "எது செய்யக்கூடாது?" என்பதோடு "எது செய்யலாம்?" என்றும் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆஸ்துமா உள்ள பெரும்பாலான பிள்ளைகள் மருந்து ஒழுங்காக இழுத்து, மெல்ல உடலைச் சூடாக்கிக்கொண்டு விளையாடலாம். சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளைக்குக் குண்டு போடுதலில் ஒரு மட்டம் வைக்கலாம். நேரம் எடுக்கிறதும் புள்ளி எழுதுகிறதும் பெறுமதியான வேலைகள்தான், ஆனால் உடல் அசையக்கூடிய பிள்ளையின் கையில் பேனையைக் கொடுத்து மேசையில் இருத்திவிட்டு அதையும் பங்குபற்றல் என்று கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக ரியூசன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் என்று தொடங்கி, சாதாரண தரம், உயர்தரம் என்று பின்னேரம் முழுதும் அதற்கே போகிறது. பிள்ளையின் எதிர்காலம் என்று நடுங்குகிற பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. போருக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் படிப்பு ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதாக இருந்தது. ஆனால் விளையாடினால் படிப்புக் கெடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைப்பது அரிது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2010 இல் 50 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பாடசாலையில் உடலசைவுக்கும் படிப்புக்கும் இடையில் கண்ட தொடர்புகளில் ஏறக்குறைய அரைவாசி நன்மையான பக்கம். மிச்சத்தில் பெரும்பாலானவை எந்த வித்தியாசமும் காட்டவில்லை. படிப்பைக் கெடுத்ததாகக் காட்டியவை ஒன்றரை வீதம். பாடசாலை விட்டு ரியூசன் தொடங்குவதற்குள் முக்கால் மணித்தியாலம், கிழமையில் மூன்று நாள் விட்டுக் கொடுங்கள். எந்தப் பாடத்துக்கும் ஒன்றும் குறையாது.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான். பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, வென்றது எந்த இல்லம் என்று கேட்கவேண்டாம், அது ஒலிபெருக்கியில் வந்துவிடும். ஒவ்வொரு இல்லத்திலும் எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேர் ஒரு நிகழ்ச்சியிலாவது இறங்கினார்கள் என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியல் ஏற்கனவே விளையாட்டுப் பொறுப்பாசிரியரின் கொப்பியில் இருக்கிறது. கூட்டி எழுத அரை மணித்தியாலம் போதும். அதை அறிவித்தல் பலகையில், இல்லங்களின் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நிரலாகப் போடச் சொல்லுங்கள். பழைய மாணவர் சங்கம் கிண்ணம் கொடுக்க ஆசைப்பட்டால் அந்த நிரலில் முன்னுக்கு வருகிற இல்லத்துக்கு ஒன்று கொடுக்கட்டும். அடுத்த வருடம் முதலாம் தவணையில் இல்லத் தலைவர்கள் யாரை முதலில் தேடிப் போகிறார்கள் என்று பார்ப்போம்.